"வெளியே போய்விட்டு வந்தால் 90 நாள் புதிதாகத் தொடங்கும்": ஷெங்கன் விசாவில் செல்லும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பாவுக்குச் செல்லும் பெற்றோரும், அவர்களுக்காகப் பயண ஏற்பாடுகளைச் செய்யும் பிள்ளைகளும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2025 ஜூன் 6 அன்று, செல்லுபடியாகும் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா) கையில் இருந்தும், ஜெர்மனியின் விமான நிலையம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டேன். அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் இருந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியான என் மகள் எனக்காகக் காத்திருந்தாள். என்னைத் தடுத்த அதிகாரிகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் சட்டப்படி நடந்துகொண்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு, விதியே தெரியாமல், தலைப்பில் இருக்கும் தவறான ஆலோசனையை எனக்குச் சொன்ன பயண முகவரைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

மகளை அதிகம் நடமாட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், பிரசவத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, மார்ச் 5 அன்று நான் ஜெர்மனி சென்றேன். என் விசா ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருந்த அந்த வில்லையில் மூன்று செய்திகள் அருகருகே இருந்தன: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பது ஒன்று, நுழைவுகளின் எண்ணிக்கைக்கு எதிரே "மல்ட்" (பலமுறை) என்பது இன்னொன்று, தங்கும் காலம் 90 நாள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது செய்திதான் மற்ற இரண்டையும் கட்டுப்படுத்துகிறது என்பதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓராண்டு விசா, எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம் என்ற இரண்டை மட்டுமே முகவர் எடுத்துக் காட்டினார்.

பிரசவ நாள் ஜூன் நடுவில். என் 90 நாள் ஜூன் 2 அன்று முடிகிறது. இதைப் புறப்படுவதற்கு முன்பே அவரிடம் கேட்டேன். "அம்மா, அதையெல்லாம் நினைச்சு நீங்க கவலையே படாதீங்க. தொண்ணூறாவது நாள் இஸ்தான்புல் போய் மூணு நாலு நாள் இருந்துட்டு வாங்க. வெளியே போன முத்திரை விழுந்துட்டா பழைய கணக்கு முடிஞ்சுது, திரும்பி உள்ளே வந்ததும் புதுசா தொண்ணூறு நாள் ஓட ஆரம்பிச்சுடும். எத்தனையோ பேருக்குப் பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்றார். சான்றாக, ஒரே மாதத்தில் இரண்டு நுழைவு முத்திரைகள் இருந்த யாரோ ஒருவரின் கடவுச்சீட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டினார். அந்த மனிதர் மொத்தமாக எத்தனை நாள் தங்கினார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இஸ்தான்புல் பயணச்சீட்டு, விடுதி, துருக்கியின் மின்விசா ஆகியவற்றுக்கான செலவு போக, "மறுநுழைவு ஏற்பாடு" என்று தனியாக 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 6 காலை குடியேற்றச் சோதனை மேசையில் இருந்த இளம் அதிகாரி என் கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டி, மார்ச் 5 நுழைவு முத்திரையிலும் ஜூன் 2 வெளியேற்ற முத்திரையிலும் விரலை வைத்து, கணினியில் எதையோ தட்டிவிட்டு, எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆறு வாரங்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நுழைவு மறுப்புப் படிவம் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். மறுப்புக்கான காரணங்கள் அதில் எழுத்து வாரியாக அச்சிடப்பட்டிருந்தன. "எஃப்" என்ற எழுத்துக்கு எதிரே குறியிடப்பட்டிருந்தது. முந்தைய 180 நாட்களுக்குள் ஏற்கெனவே 90 நாட்கள் தங்கிவிட்டவர் என்பது அதன் பொருள். பிறகு கடவுச்சீட்டில் ஒரு நுழைவு முத்திரையைக் குத்தி, அதன் குறுக்கே அழியாத கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, வலப்பக்கத்தில் அதே "எஃப்" எழுத்தை எழுதினார்கள். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு என்றும், ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்ற காரணத்துக்காக உள்ளே விட மாட்டார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். மகளிடம் தொலைபேசியில் சொல்ல அனுமதித்தார்கள். அவள் அழவில்லை, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அழைத்து வந்த விமான நிறுவனமே திருப்பி அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. எனவே இஸ்தான்புல்லுக்கே கொண்டுபோய் விட்டார்கள். அங்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. எனக்கு எடுத்துக் கொடுத்திருந்த துருக்கி மின்விசா ஒருமுறை நுழைவுக்கானது. நான்கு நாட்களுக்கு முன்பே அது பயன்பட்டுவிட்டது. ஊருக்குள் போய்த் தங்க வழியில்லாமல், விமான நிலையத்தின் இடைவழிப் பகுதியில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்து, மருமகன் அன்றைய விலைக்கு வாங்கி அனுப்பிய சீட்டில் இந்தியா திரும்பினேன். திரும்ப நுழைய முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அந்த முகவரின் "ஏற்பாட்டில்" எந்த இடமும் இல்லை.

விதி உண்மையில் என்ன என்பதை இப்போது சொல்கிறேன். ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன. குறுகிய காலம் தங்கும் பயணிக்கு அவை அனைத்தும் சேர்ந்து ஒரே நாடு. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ணி, அந்த 180 நாட்களுக்குள் நீங்கள் உள்ளே இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். வெளியே போவதால் எதுவும் அழிவதில்லை. பழைய நாட்கள் அந்த 180 நாள் எல்லையை விட்டு ஒவ்வொன்றாக நழுவும்போதுதான் புதிய நாட்கள் கிடைக்கும். நான் மார்ச் 5 முதல் ஜூன் 2 வரை தொடர்ச்சியாக 90 நாள் இருந்துவிட்டதால், மார்ச் 5 என்ற முதல் நாள் கணக்கிலிருந்து விடுபடுவது செப்டம்பர் 1 அன்றுதான். அதற்கு முன் இஸ்தான்புல்லுக்கு ஒரு முறை அல்ல, பத்து முறை போய்வந்தாலும் ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும் என்பதையும் கவனியுங்கள். நான் வங்கியில் வேலை பார்த்தவள். வைப்புத்தொகைக்கு வட்டி கணக்கிடும்போது இரு முனைகளில் ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். இங்கே அப்படி இல்லை. இரவு பதினொன்றே முக்காலுக்கு முத்திரை விழுந்தாலும் அது முழு நாள்.

முகவர்கள் சொல்லும் இந்தப் பொய்க்கு ஒரு வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஷெங்கன் விதியே 2013 அக்டோபர் 18-க்கு முன்பு முதல் நுழைவு நாளை வைத்து ஆறு மாதங்களை எண்ணுவதாக இருந்தது. அன்றிலிருந்துதான் பின்னோக்கி எண்ணும் முறை வந்தது. போதாததற்கு, எல்லையைத் தாண்டிவிட்டு வந்தால் புதிய அனுமதி தரும் வேறு சில நாடுகளின் வழக்கத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஷெங்கனில் சேராத நாடுகளின் பழைய பட்டியல்களும் அப்படியே புழங்குகின்றன. குரோஷியாவுக்குப் போய் இருந்தால் நாள் கணக்கு நிற்கும் என்று 2022 வரை சொன்னது சரி. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் 31 முதல் சேர்ந்துவிட்டன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸ் ஆகியவற்றில் கழியும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அதே நேரத்தில், அங்கே போய்வருவதால் ஏற்கெனவே செலவான நாட்கள் திரும்பக் கிடைப்பதும் இல்லை.

எனக்கு மிகவும் வலிப்பது, நேர்மையான வழிகள் இருந்தன என்பதுதான். 90 நாட்களையும் ஒரே மூச்சில் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மார்ச்சில் 30 நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தால், ஜூன் தொடக்கத்தில் மறுபடியும் போய் 60 நாள் தங்கியிருக்கலாம். பிரசவத்தின்போது மகளின் பக்கத்தில் இருந்திருக்கலாம். அல்லது, 90 நாள் முடிவதற்கு முன்பே, மருத்துவரின் கடிதத்தோடு அந்த ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்டிருக்கலாம். மனிதாபிமானக் காரணங்களுக்கும் தவிர்க்க முடியாத சூழலுக்கும் கட்டணமில்லாமலும், கடுமையான சொந்தக் காரணங்களுக்கு 30 யூரோ கட்டணத்திலும் நீட்டிக்க ஷெங்கன் விசா விதிகளில் இடம் இருக்கிறது. கட்டாயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்டுப் பார்க்கும் வாய்ப்பையே அந்த மனிதர் என்னிடமிருந்து பறித்துவிட்டார்.

விமான நிலைய அறையில் என்னோடு இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார். அவருடைய விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை "01" என்று இருந்தது. பாரிஸிலிருந்து இலண்டனுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு ஜெர்மனி வழியாக ஊர் திரும்பும்படி அவருடைய முகவர் சீட்டுப் போட்டிருந்தார். இலண்டனுக்குப் போன கணத்தில் அந்த ஒரே நுழைவு முடிந்துவிட்டது. விசாவில் இன்னும் பன்னிரண்டு நாள் மீதம் இருப்பதை அவர் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்.

அங்கேயே குடியிருப்பவர்களும் இதே போன்ற தவறான ஆலோசனைக்கு இரையாகிறார்கள். என் மகளுக்குத் தெரிந்த ஒருவர், தந்தையின் உடல்நிலைக்காக இந்தியா வந்து ஏழு மாதங்கள் தங்க வேண்டியிருந்தபோது, "அட்டையில் 2027 வரை தேதி இருக்கே, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்" என்று இதே முகவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் வழக்கமான குடியிருப்பு அனுமதி, ஆறு மாதங்களுக்குள் திரும்பி வராவிட்டால் அட்டையில் என்ன தேதி இருந்தாலும் காலாவதியாகிவிடும். நீல அட்டை (உயர் தகுதியுள்ள பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியக் குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு அந்த வரம்பு 12 மாதங்கள். அதற்கு மேல் தங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல வேளையாக அவர் என் மகளிடம் ஒரு வார்த்தை பேசினார். அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, கூடுதல் காலம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். குடியிருப்பு அனுமதிக்கோ அதன் புதுப்பிப்புக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் இடைக்காலச் சான்றிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு குறியிடப்பட்டிருந்தால் வெளியே போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அந்தச் சான்றை நம்பி நாட்டை விட்டுப் போகவே கூடாது.

இப்போது இன்னொரு புதிய பொய்யும் புழங்குவதாகக் கேள்விப்படுகிறேன்: கடவுச்சீட்டில் முத்திரை குத்துவது நின்றுபோவதால், நாட்களை யாரும் எண்ண முடியாதாம். உண்மை இதற்கு நேர் எதிர். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, முகத்தையும் விரல்ரேகையையும் பதிந்துகொண்டு, 90 நாள் கணக்கைத் தானே போடுகிறது. நுழைவு மறுக்கப்பட்டாலும் அந்தச் செய்தி மூன்று ஆண்டுகள் அதில் இருக்கும். முத்திரை இல்லாததால் கணக்குத் தெரியாமல் போவது பயணிக்குத்தான். எனவே விமான ஏறுசீட்டுகளைப் பத்திரப்படுத்தி, ஐரோப்பிய ஆணையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நாள் கணிப்பானில் உங்கள் தேதிகளை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. 18,000 ரூபாய் வாங்கியவர் அதைச் செய்யவில்லை.

ஊர் திரும்பியதும் அவரை நேரில் சந்தித்தேன். "அது அன்னிக்கு இருந்த ஆபீசரைப் பொறுத்ததும்மா" என்றார். படிவத்தில் குறியிடப்பட்ட காரணத்தைக் காட்டியபோது அதைப் படிக்காமலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஆலோசனை முழுவதையும் பேச்சிலேயே சொன்னவர், ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டுமே எழுதியிருந்தார். மறுநுழைவுக்கு வழி செய்கிறேன் என்று யார் சொன்னாலும், எந்த விதியின்படி, எந்தத் தேதிக் கணக்கின்படி என்பதை எழுத்தில் கேளுங்கள். எனக்கு நடந்ததைப் பற்றி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பணத்தைவிட என்னை உறுத்துவது, இனி வேறு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் நிற்கப்போகும் ஒரு கேள்விதான்: பிரிட்டனும் கனடாவும் தங்கள் படிவங்களில், எந்த நாட்டிலாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கின்றன. ஆம் என்றுதான் நான் எழுத வேண்டும்.

செப்டம்பர் 3 அன்று, அதே விசாவில், நானே தயாரித்த நாள் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். பெருக்கல் குறி போட்ட முத்திரையைப் பார்த்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். தாளைக் கொடுத்தேன். தன் கணினியிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தில் முத்திரை குத்தினார். ஜூன் 15 அன்று பிறந்த என் பேரனுக்கு அன்றோடு எண்பது நாள் ஆகியிருந்தது.