ஆறரை மணிப் படகு ஒன்பது மணிக்குக் கிளம்பியது

ஆற்றிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்வரும் படகுச் சவாரிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். யாருடைய படகு என்று எழுதவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்னும் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதிவு செய்தபோது காலை 6:30 மணி என்றார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "அப்பதான் சார் தண்ணி நிக்கும், படகு அலுங்காமப் போகும்" என்றார் போனில் பேசியவர். இந்தப் பதிலை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இருபது வருட அனுபவமுள்ளவர்தான் ஓட்டுவார் என்றும் சொன்னார்.

ஆறு மணிக்கே துறைக்குப் போய்விட்டோம், நானும் மனைவியும். எங்களோடு இன்னும் நான்கு பேர். படகில் பதினான்கு இருக்கைகள். 6:30 ஆனது, 7 ஆனது. "இன்னொரு குடும்பம் வந்துட்டே இருக்காங்க சார், பதினஞ்சு நிமிஷம்." அந்தப் பதினைந்து நிமிஷம் 9 மணி வரை நீண்டது. இருக்கை நிறையாமல் கிளம்ப அவர்களுக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

காத்திருந்த நேரத்தில் துறையின் மரத்தூண் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வந்தபோது அதில் ஈரம் படிந்த கோடு வரை தண்ணீர் நின்றது. கிளம்பும்போது அந்தக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கை நீளத்துக்குமேல் சிப்பி ஒட்டிய தூண் தெரிந்தது. முதலில் அசையாமல் கிடந்த இலைதழைகள் இப்போது கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் எழுதியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஏற்றம், அதாவது கடல்மட்டம் உயர்ந்து நீர் உள்ளே வருவது, முழுதாக வந்து நிற்கும் சிறிது நேரத்தில் முகத்துவாரம் அனேகமாக அமைதியாக இருக்கும். (சில ஆறுகளில் கடலில் ஏற்றம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீரோட்டம் நிற்கும், அது அந்தந்த ஊர்ப் படகுக்காரர்களுக்குத் தெரியும்.) பிறகு வற்றம் தொடங்கும், நீர் இறங்கிக் கடலுக்குத் திரும்பும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரும்பாலான கடற்கரைகளில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதில் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் தண்ணீர் மிக வேகமாக வெளியேறும். கடலிலிருந்து வரும் அலை, முகத்துவார மணல்திட்டின் ஆழம் குறைந்த நீரில் ஏறும்போது வேகம் குறைந்து உயர்கிறது. எதிரே ஆற்று நீரும் பாய்ந்து வந்தால் அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, உடைகின்றன. வெளியே சாதுவாக ஆடும் ஒரு மீட்டர் அலை இங்கே சுவராக நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் இன்னும் வேகம். நாங்கள் போனது அமாவாசைக்கு மறுநாள். அன்றைய ஏற்றம் 6:20 மணிக்கு. கிளம்பியது 9 மணிக்கு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உயிர்காப்பு உடை இருக்கைக்கு அடியில் கயிற்றுச் சுருளோடு கிடந்தது. நானாகக் கேட்டுத்தான் எடுத்துக்கொடுத்தார்கள். என்னுடையதில் கொக்கியின் ஒரு பல் உடைந்து, நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. "கரைப்பக்கம்தான் போறோம், போட்டாலும் சரி, போடாட்டியும் சரி" என்றார் ஓட்டுநர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் முகத்துவார மணல்திட்டைக் கடக்கும் சிறு படகுகளில் உயிர்காப்பு உடை அணியாமல் இருப்பதே குற்றம். ஓட்டுநர் என்றேனே, இருபது வருட அனுபவக்காரர் அன்று வரவில்லை. வந்தவருக்கு வயதே இருபதைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்.

வெளியே போகும்போது இரண்டு முறை அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்கித் தண்ணீரில் அறைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கடலில் அரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினோம். கடல் பக்கமிருந்து பார்த்தால் முகத்துவாரம் சாந்தமாகத் தெரிகிறது. அலைகளின் முதுகுதான் நமக்குத் தெரியும், உடையும் முகம் கரையைப் பார்த்து இருக்கும். அங்கே சற்று நின்று, அலைக்கூட்டம் ஒன்று கடந்து இடைவெளி வரும்வரை பார்த்து, ஓர் அலையின் முதுகிலேயே அதை முந்தாமல் உள்ளே வர வேண்டும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். எங்கள் ஓட்டுநர் நேராக விட்டார்.

பாதியில் பின்னாலிருந்து ஓர் அலை படகின் பின்புறத்தைத் தூக்கியது. எஞ்சினின் சத்தம் சட்டென்று அலறலாக மாறியது. விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டது. அணியம் கீழே குத்தியது, படகு குறுக்காகத் திரும்பியது. அடுத்த அலை பக்கவாட்டில் வந்து விழுந்தது. காலுக்கடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் இப்போது முழங்காலில் இடித்தது, அந்த அளவுக்குப் படகுக்குள் தண்ணீர். எதிரே இருந்த பெரியவர் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடியே வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு விரிசல் என்று மறுநாள் தெரிந்தது. யாரும் பேசவில்லை. எஞ்சின் மட்டும் மறுபடி தண்ணீரைப் பிடித்தது. நாங்கள் பிழைத்தது ஓட்டுநரின் திறமையாலா, மூன்றாவது அலை சின்னதாக இருந்ததாலா என்று கேட்டால், அலைக்குத்தான் நன்றி சொல்வேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." என்ன சீற்றம்? வானத்தில் ஒரு மேகமில்லை, காற்றில்லை. ஏற்றவற்ற அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே கணித்து வெளியிடப்படுவது. ஆறரை மணி என்று குறித்தவர்களே அவர்கள்தானே, காரணமும் சொன்னார்களே! அமெரிக்காவின் கொலம்பியா ஆறு பசிபிக்கில் சேரும் இடத்தில் பெரிய சரக்குக் கப்பல்களே அந்த மணல்திட்டுக்கென்று உரிமம் பெற்ற வழிகாட்டியை ஏற்றிக்கொண்டுதான் கடக்கின்றன. இங்கே கேட்டால் இயற்கை.

அதனால், கிளம்பும் நேரத்தை அன்றைய அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தாமதமானால் பணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். நேரம் தள்ளினால் இறங்கிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன். கொக்கியைப் போட்டுப் பார்க்காமல் படகில் கால் வைக்காதீர்கள்.

நேற்று மறுபடி ஒரு செய்தி வந்தது. பணம் தர இயலாதாம், அதற்குப் பதில் அடுத்த மாதம் ஒரு சவாரி இலவசமாம், காலை 8:30 மணிக்கு. அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஏற்றம் 5:50.