அரிய நூல்கள்: விற்பனையாளர் பட்டியலா, ஏலமா?

பழைய நூல் விற்பனையாளர் அனுப்பும் பட்டியலில் விலை முன்கூட்டியே அச்சாகியிருக்கும். ஏலப் போட்டி இல்லை. பெரும்பாலும் முதலில் கேட்டவருக்கே நூல். ஆகவே பட்டியல் வந்த அன்றே படித்துவிடுங்கள், நல்லவை காத்திருக்காது.

பட்டியலின் உண்மையான பலம் விவரிப்புதான். எந்தப் பதிப்பு, நூற்கட்டு (பைண்டிங்) அந்தக் காலத்ததா பின்னாளில் மாற்றியதா, படத்தாள்கள் முழுமையா, தாளில் பழுப்புப் புள்ளிகள் உண்டா, முன்பு வைத்திருந்தவர் எங்கே கையெழுத்திட்டிருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். 20ஆம் நூற்றாண்டு முதற்பதிப்பு என்றால் அட்டைமேல் சுற்றிய தாள் மேலுறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் விலை படுத்துவிடும். விவரிப்பு தவறென்றால் நல்ல விற்பனையாளர் நூலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

ஏலத்தில் மலிவாகக் கிடைக்கலாம். விற்பனையாளர்கள் பலரும் அங்கேதான் வாங்குகிறார்கள். ஆனால் ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்த விலை கடைசி விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் உண்டு, பெரிய ஏல நிறுவனங்களில் 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். கட்டாக விற்கும் நூல்களுக்குப் பெரும்பாலும் ‘உள்ளது உள்ளபடி’ நிபந்தனைதான். பக்கம் குறைந்தாலும் திருப்ப முடியாது. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் நேரில் போய்த் தாள் தாளாகச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு இது பொருட்டல்ல.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு பட்டியலுக்கே. கூடுதலாகக் கொடுக்கும் பணம் விற்பனையாளரின் படிப்புக்கான கூலி. பழைய பட்டியல்களையும் எறியாமல் வையுங்கள், பின்னாளில் ஏலத்துக்குப் போகும்போது விலை ஒப்பிட அவை உதவும்.