டெல்லி இந்திரா காந்தி நினைவு மியூசியம், அப்பாவோட போய்ட்டு வந்த அனுபவம்

இந்த தடவ லீவுக்கு பிராங்க்ஃபர்ட்ல இருந்து டெல்லி வழியா மதுரைக்கு டிக்கெட் போட்டிருந்தேன், அப்பாவையும் டெல்லிக்கே வரச்சொல்லி ரெண்டு பேருமா சப்தர்ஜங் ரோடு 1-ஆம் நம்பர் வீட்டுக்கு போனோம். இந்திரா காந்தி பிரதமரா இருந்தப்ப குடியிருந்த வீடு. 1984 அக்டோபர் 31 காலைல பக்கத்துல இருந்த அக்பர் ரோடு ஆபீசுக்கு நடந்து போறப்ப, சொந்த பாதுகாவலர்கள் ரெண்டு பேரே சுட்டாங்க, அந்த இடமும் இதே வளாகத்துலதான் இருக்கு.

மெட்ரோன்னா மஞ்சள் லைன்ல லோக் கல்யாண் மார்க் ஸ்டேஷன். டிக்கெட் கிடையாது, திங்கக்கிழமை லீவு. கூட்டம் நல்லா இருந்துச்சு, ஸ்கூல் பசங்க, பஸ் புடிச்சு வந்த கிராமத்து ஜனங்கன்னு வரிசை நீளமா நின்னுச்சு, அப்பா முழங்கால புடிச்சிட்டு நிக்கிறத பாத்துட்டு வாசல்ல இருந்த செக்யூரிட்டி ஒருத்தர் தானா வந்து சேர் போட்டு உக்கார வச்சாரு, அவருக்கு ரொம்ப நன்றி.

உள்ள போட்டோ, பழைய பேப்பர் கட்டிங் எல்லாம் இருக்கு, இந்திரா படிக்கிற ரூம், சாப்பிடுற ரூம் எல்லாம் இருந்தபடியே வச்சிருக்காங்க, கண்ணாடி வழியா பாக்கலாம். நேரு ஜெயில்ல நூத்த நூல்ல நெய்த கல்யாண சேலையும் இருக்கு. ஆனா சுட்டப்ப கட்டியிருந்த சேலைல குண்டு ஓட்டைய பாத்ததும் எனக்கு நெஞ்ச அடைச்சிருச்சு.

அதுக்கப்புறம்தான் ராஜீவ் காந்தியோட பொருட்கள். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல போட்டிருந்த உடுப்புல மிஞ்சின துணியும் ஷூவும். அவரோட நினைவிடம் அங்க நம்ம தமிழ்நாட்டுல ஹைவே ஓரமா இருக்கு, பஸ்ல போறப்ப எத்தனையோ தடவ பாத்திருக்கேன், இந்த துணி டெல்லில இருக்குன்னு எனக்கு தெரியவே தெரியாது. அப்பா அந்த கண்ணாடிகிட்டயே நின்னுட்டாரு. "கூட செத்ததுல நம்ம போலீஸ்காரங்க எத்தன பேருடா"ன்னு கேட்டாரு. கூட்டத்துக்கு வந்த சாதாரண ஜனங்களும் அன்னைக்கு செத்தாங்க, அவங்களையும் நாம மறக்கக்கூடாதுன்னு எனக்கு ரொம்ப தோணுது. அதே மாதிரி இந்திரா செத்த அடுத்த சில நாள்ல டெல்லில மட்டும் அரசு கணக்குப்படி 2,733 பேர கொன்னாங்க, சுட்ட பாதுகாவலர்கள் சீக்கியர்கள்ங்கறதுக்காக, ஒரு பாவமும் அறியாத சீக்கியர்கள. பசங்கள கூட்டிட்டு போனா இதையும் சேத்து சொல்லுங்க, இல்லன்னா பாதி கதைதான் தெரியும்.

கடைசியா தோட்டம். இந்திரா கடைசியா நடந்து வந்த பாதைக்கு மேல கண்ணாடி பதிச்சிருக்காங்க, விழுந்த இடம் தனியா தெரியும். விளக்கமெல்லாம் இந்தி, இங்கிலீஷ்தான், அதனால வீட்டு பெரியவங்களுக்கு கூட நின்னு படிச்சு சொல்ல ஒருத்தர் வேணும். அவசரமா பாக்குற இடம் இல்ல, காலைலயே போயிருங்க. காந்திஜிய சுட்ட பிர்லா மாளிகை, இப்ப காந்தி ஸ்மிருதி, அங்கருந்து கிட்டத்துலதான், அதுவும் ஃப்ரீ, அதுக்கும் திங்கக்கிழமை லீவு, ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துரலாம்.