ஒரே கோட்டில் இரண்டு குளிர் ஊர்கள்

பூமி சூடேறச் சூடேற, வடக்கே ஆளரவமற்ற குளிர்நிலங்கள் குடியிருக்க ஏற்றவையாகும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வெப்பமானியோடு காலடி மண்ணையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரம் ஏறத்தாழ 62 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. தெற்கு கிரீன்லாந்தின் காகொர்டோக் 61-ஐ ஒட்டி. கிட்டத்தட்ட ஒரே கோடு. வேறு எதிலும் ஒற்றுமை இல்லை.

யாகுட்ஸ்கில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். ஜனவரிச் சராசரி மைனஸ் 40 டிகிரிக்கு அருகே. ஜூலையிலோ 20 டிகிரியை நெருங்கிவிடும். கோடையில் உருளைக்கிழங்கு விளைகிறது, குதிரைகளும் மாடுகளும் மேய்கின்றன. குளிர் சற்றுத் தணிந்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே குளிர்தான் அஸ்திவாரம். 1828-இல் ஷெர்கின் என்பவர் தண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். 116 மீட்டர் ஆழம் போன பிறகும் மண் உறைந்தே கிடந்தது. இன்றைய அடுக்குமாடிக் கட்டடங்கள் அந்த உறைமண்ணில் ஊன்றிய காங்கிரீட் தூண்களின் மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு கீழே இறங்கி மண்ணை இளக்கிவிடாதிருக்க, தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்றோட இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆனால் சூடு இப்போது வெளிக்காற்றிலிருந்தே இறங்குகிறது. புதைந்த பனிக்கட்டி உருகிய இடத்தில் மண் அமிழ்கிறது, சுவர் வெடிக்கிறது, வயல் மேடுபள்ளமாகிறது. ஊரருகே பாலமில்லாத லேனா ஆற்றில் குளிர்காலச் சாலையே பனிக்கட்டிதான். அது தாமதமாக உறைந்தால் சாலையும் தாமதமாகத்தான் திறக்கும். 2021 கோடையில், யாகுட்ஸ்கைத் தலைநகராகக் கொண்ட யாகுட்டியாவில் 80 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் காடு எரிந்தது. புகை வட துருவம்வரை போனது. அந்தக் காற்றைச் சுவாசித்தபடி வாழ்ந்தவர்களிடம் வெப்பம் ஒரு வரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

காகொர்டோக்கில் வீடுகள் பாறைமேல் நிற்கின்றன. ஜனவரிக் குளிர் யாகுட்ஸ்கின் குளிருக்குக் கிட்டேகூட வராது, ஆனால் ஜூலைச் சராசரி 10 டிகிரியைத் தொடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் புல்லுக்கும் உருளைக்கிழங்குக்கும் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அருகிலுள்ள காசியார்சுக்கில் 1924-இல் தொடங்கிய செம்மறி வளர்ப்பு இன்றும் நடக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) குடியேறிகளின் தலைவர் செந்தலை எரிக் பண்ணை வைத்ததும் அங்கேதான். 15-ஆம் நூற்றாண்டில் அந்த நார்ஸ் குடியிருப்புகள் அழிந்துபோயின. குறைகளும் உண்டு. மண் மெலிந்த படலம், அதுவும் கடற்கழிகளின் ஓரத்தில் துண்டு துண்டாகத்தான். மழை பொய்த்த கோடையில் ஆடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் போதாது. ஊருக்கு ஊர் சாலை கிடையாது. படகு அல்லது ஹெலிகாப்டர்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கிரீன்லாந்தின் தெற்கு முனையைத்தான் சொல்வேன், பாறை இளகாது என்பதால். ஆனால் அது சில பண்ணைகளுக்குப் போதுமான இடம், இடம்பெயரும் லட்சங்களுக்கானது அல்ல. அதே தீவின் வடக்கே கடற்பனிமேல் நாய்வண்டி ஓட்டி வேட்டையாடும் பூர்வகுடி இனுயிட் குடும்பங்களுக்கு இதே வெப்பம் பாதையைப் பறிக்கிறது. தெற்கின் ஆதாயத்தை எழுதும்போதெல்லாம் இந்த இழப்பையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே மனை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுவோர்க்கு ஒரு தகவல்: கிரீன்லாந்தில் நிலம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. வீடு உங்களுடையதாகலாம், அது நிற்கும் இடத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிடைக்கும்.