சீட்டுக்கட்டும் கையுமாக: மேஜிக்கா, கார்டிஸ்ட்ரியா?

ஒரே சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரை ஏமாற்றலாம். அல்லது விசிறியாக விரித்து, ஒற்றைக் கையில் வெட்டி, விரலிடுக்கில் சுழற்றி அழகு காட்டலாம். முதலாவது சீட்டு மேஜிக், இரண்டாவது கார்டிஸ்ட்ரி. இரண்டையும் பழகிப் பார்த்துவிட்டு நான் கார்டிஸ்ட்ரி பக்கம் ஒதுங்கிவிட்டேன். ஆகவே இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் கை பழக வேண்டும், இரண்டுக்கும் யூடியூப் இருக்கிறது. அதை விடுவோம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: செய்ததையே திரும்பச் செய்ய முடியுமா? மேஜிக்கில் அது கஷ்டம். இரண்டு சீட்டை ஒன்றுபோலத் தூக்கிக் காட்டும் டபுள் லிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை தங்கை வாயைப் பிளப்பாள். “இன்னொரு தடவை செய்” என்றதும் அவள் கண் சீட்டை விட்டுவிட்டு விரலுக்கு வந்துவிடும். மூன்று தடவை பார்த்தால் எந்த வித்தையையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடித்த புகழ்பெற்ற மேஜிக்காரர் ஹூடினியை, 1922இல் சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னன் ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்தே திணறடித்தாராம். கட்டுக்குள் செருகிய சீட்டு ஒவ்வொரு தடவையும் மேலே வந்துகொண்டே இருந்ததாம். சரி, அவர் வெர்னன். நமக்கோ வீட்டில் அதே நாலு பேர்தான் பார்வையாளர்கள். வாரத்துக்கு ஒரு புது வித்தைக்கு எங்கே போவது?

கார்டிஸ்ட்ரியில் இந்தத் தொல்லை கிடையாது. சார்லியர் கட் என்ற ஒற்றைக் கை வெட்டைப் பாருங்கள். சீட்டுக்கட்டை விரல்களின் நுனியில் பிடித்துக்கொண்டு பெருவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும். அதை ஆள்காட்டி விரல் பெருவிரல் பக்கமாக நிமிர்த்தும். மேல்பாதி அதைத் தாண்டிக் கீழே இறங்கும். அவ்வளவுதான், மறைக்க ஒன்றுமில்லை. “எப்படிச் செய்தாய்?” என்று கேட்டால் மேஜிக்காரர் மழுப்ப வேண்டும், நான் மெதுவாகச் செய்து காட்டி, கட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். நூறாவது தடவை முதல் தடவையைவிட நன்றாகவே இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் பழகலாம், எதிரில் ஆள் தேவையில்லை.

இரண்டையும் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். வெட்டி விசிறிவிட்டு “ஒரு சீட்டு எடுங்கள்” என்றால், என்ன அதிசயம் நடந்தாலும் “கை வேகம்” என்று சொல்லிவிடுகிறார்கள். இது என் வட்டத்தில் பார்த்தது. மேடையேறிக் காசு வாங்கி நான் செய்ததில்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிடுகிறவர்கள் மேஜிக்கைத்தான் கேட்பார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

கார்டிஸ்ட்ரியின் குறை, சீட்டு சீக்கிரம் சாகும். கீழே விழுந்து மூலை மடங்கும், வியர்வையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விசிறி சீராக விரியாது. ரம்மிக்கு வாங்கும் முழு பிளாஸ்டிக் கட்டு நாள்பட உழைக்கும், ஆனால் விரலில் நிற்காமல் வழுக்கும். பைசைக்கிள் பிராண்டு மாதிரி காகிதக் கட்டு வாங்கி, கட்டில் ஓரமாக நின்று பழகுங்கள். விழுந்தாலும் மெத்தையில் விழும். கல்யாண வீட்டில் பிள்ளைகளைச் சமாளிப்பதுதான் நோக்கம் என்றால் மட்டும் டபுள் லிஃப்டைக் கற்றுக்கொண்டு போங்கள். ஒரு தடவை செய்துவிட்டுச் சீட்டுக்கட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.