பிஎஸ்304-ஆ, பிஎஸ்400-ஆ?

எண்ணெயே இல்லாமல் ஃபாயில் பேரிங்கில் (மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன, காற்றுப் படலத்தில் தண்டைத் தாங்கும் பேரிங்) சுற்றும் டர்பைன் தண்டுக்கு எந்தப் பூச்சு என்று யோசிப்பவர்கள் நாசா உருவாக்கிய இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பதுண்டு. இரண்டுமே பிளாஸ்மா ஸ்ப்ரேதான், அதாவது பொடியை அதிசூடான வாயுவில் உருக்கித் தெளிப்பது. வேகம் பிடித்துவிட்டால் தண்டு காற்றில் மிதக்கும்; தேய்மானம் பெரும்பாலும் கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான்.

கலவை, எடை சதவீதத்தில்:
304: நிக்கல்-குரோமியம் 60, குரோமியம் ஆக்சைடு 20, வெள்ளி 10, பேரியம்-கால்சியம் ஃபுளோரைடு 10.
400: நிக்கல்-மாலிப்டினம்-அலுமினியம் 70, குரோமியம் ஆக்சைடு 20, வெள்ளி 5, ஃபுளோரைடு 5.

சூடு குறைவாக இருக்கும்போது வழுக்கிக்கொடுப்பது வெள்ளி. சூடு ஏற ஏற ஃபுளோரைடு இளகி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். தேய்மானத்தைத் தாங்குவது ஆக்சைடு.

அளவு மாறாமை:
304: சூட்டில் லேசாக உப்பும். கடைசி கிரைண்டிங்குக்கு முன்பே சூளையில் வைத்து எடுத்துவிட வேண்டும். பேரிங்கில் இடைவெளி மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு. இதைத் தவிர்க்க வழியில்லை.
400: உப்பல் மிகக் குறைவு. 400 பிறந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

மேற்பரப்பு:
304: சுமாராகத்தான் வரும்.
400: நன்றாக வழவழப்பாக வரும்.

குளிர்ந்த நிலையில் உரசல்:
304: தேவலை.
400: வெள்ளி பாதிதானே, ஆரம்பத்தில் முரண்டு பிடிக்கும். நல்ல சூட்டில் ஓடி, மேலே வழுக்குப் படலம் கட்டிய பிறகே வழிக்கு வரும்.

சரி, எதை எடுப்பது? அடிக்கடி குளிரில் கிளம்பி நிற்கும், 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இயந்திரம் என்றால் 304. சூளைச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கும் மேலான சூடு, இம்மி பிசகாத இடைவெளி என்றால் 400. ஆனால் பொருத்துவதற்கு முன் சூட்டில் ஒருமுறை பழக்கிவிடுங்கள்.