மூன்று வருடம் டிமக்ஸோடு: மரபணுத் தரவு இறக்கிய அனுபவம்

பினாங்கில் மாலை மழை பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் போவது இணையம்தான். மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு மழையில்தான் என் முதல் பெரிய டவுன்லோடு பாழானது.

நான் இறக்கிக்கொண்டிருந்தது '1000 ஜீனோம்ஸ்' தரவு, பல நாட்டு மக்களின் மரபணு வரிசைகளின் பொதுத் தொகுப்பு. 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2504 பேர் அதில் இருக்கிறார்கள். எஸ்டியு என்ற குழு, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். நம் ஆட்கள் உள்ள தரவு என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். மரபணுத் தொகுதியின் ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை வாசித்த தரவைச் சுருக்கி வைக்கும் கிராம் (CRAM) கோப்பு, ஒருவருக்கே பத்து ஜிபியைத் தாண்டும்.

ஜார்ஜ்டவுன் அறையிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநிலை இணைப்பு வழியாகப் பல்கலைக்கழக சர்வருக்குள் போய், கோப்புகளை இறக்கும் கர்ல் கட்டளையை ஒரு லூப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும்படி, ஓட விட்டேன். மூன்று கோப்புகள் வந்தன, நான்காவது பாதியில் நின்றது, மற்றவை தொடங்கவே இல்லை. இணைப்பு அறுந்தால், சர்வரில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு 'ஹேங்கப்' சிக்னல் போகும். அது தன் கீழே ஓடும் வேலைகளையும் சேர்த்து முடித்துவிடும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது.

"தம்பி, டிமக்ஸ்ல போடுங்க, வீட்டுல கரண்டே போனாலும் அது பாட்டுக்கு ஓடும்" என்றார் ஆய்வகத்து அக்கா. டிமக்ஸ் என்பது சர்வரிலேயே இயங்கி, இணைப்பு அறுந்தாலும் நம் திரையை ('செஷன்') அப்படியே வைத்திருக்கும் நிரல். ஹேங்கப் சிக்னலைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் செய்யும் நோஹப் கட்டளையும் வேலையைக் காப்பாற்றும்தான், ஆனால் அந்தத் திரைக்குத் திரும்பிப் போக முடியாது. டிமக்ஸில் செஷனுக்கு ஒரு பெயர் வைத்து, வேலையைத் தொடங்கி, கண்ட்ரோல்-பி அழுத்தி டி தட்டினால் வெளியே வந்துவிடலாம். மறுநாள் வேறு கணினியிலிருந்து 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் அதே திரை, அதே வரி.

குறை ஒன்று உண்டு. சர்வரையே ரீபூட் செய்தால் செஷனும் போய்விடும். பராமரிப்பு நாளில் எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது. அதனால் இப்போது கர்லில் ஹைஃபன், பெரிய சி, இடைவெளி விட்டு மறுபடி ஹைஃபன் (-C -) என்று சேர்த்தே ஓட்டுகிறேன். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதைவிட முக்கியமானது சரிபார்ப்பு. மரபணுக் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் நிரலின் 'சாம்டூல்ஸ் குயிக்செக்' கட்டளை கோப்பின் தலைப்பகுதியையும் கடைசிக் குறியையும்தான் பார்க்கும், நடுவில் கெட்டிருந்தால் அதற்குத் தெரியாது. போன வருடம் குயிக்செக் தாண்டிய ஒரு கோப்பு எம்டி5 சரிபார்ப்பில் மாட்டியது. எம்டி5 என்பது கோப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிடும் கைரேகை போன்ற ஓர் எண். அதை நம்பிப் பகுப்பாய்வைத் தொடங்கியிருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்கும். ஐரோப்பியக் காப்பகமான இஎன்ஏ ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண்ணைக் கொடுக்கிறது. அதை ஒப்பிடும் வேலையையும் நான் அதே லூப்பில் போட்டுவிட்டேன். பொருந்தாத கோப்பின் பெயர் மட்டும் தனிப் பட்டியலில் விழும்.

ஒரு சர்வரைப் பலர் பகிரும் இடத்தில் ஒரே நேரத்தில் இருபது கோப்புகளை இழுக்காதீர்கள். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்றும் மழை, இணையமும் போனது. மழை விட்டதும் கைப்பேசியில் அட்டாச் செய்து பார்த்தேன்: 61 கோப்புகள் வந்திருந்தன, பொருந்தாத பட்டியல் காலி. அக்காவுக்கு உடனே சொல்லிவிட்டேன்.